தடைப் பதிவேட்டில் மூன்று தென்னைமரங்கள்

அன்புள்ள சார்,

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னையில் மெட்ரோ உயர்பாதை வேலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் நான்கு வருடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். அப்புறம் மூன்றாண்டு சட்டப்படிப்பு. போன வருடம் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். சாலை, பாலம், ரயில் சம்பந்தமான டெண்டர் வழக்குகளையும் கட்டுமானத் தகராறுகளையும் மட்டுமே நடத்தும் ஒரு சீனியர் தன் அலுவலகத்தில் சேரச் சொல்கிறார். வீட்டில் எதிர்ப்பு. "காண்ட்ராக்டருக்கும் கவர்மெண்டுக்கும் நடக்கிற பணச் சண்டை அது. யார் ஜெயித்தாலும் ஜனங்களுக்கு என்ன? வக்கீல் ஆகிவிட்டாய், நாலு ஏழைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்" என்கிறார் மாமா. அப்பா பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் பல வருடம் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இந்த வேலையில் மதிப்பாக ஏதாவது இருக்கிறதா? போனால் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ம., திருச்சி
(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ம.,

உங்கள் மாமாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யார் ஜெயித்தாலும் ஜனங்களுக்கு என்ன என்று நானும் சேர்ந்த புதிதில் நினைத்ததுண்டு. அந்த நினைப்பை மாற்றியவை மூன்று தென்னைமரங்கள்.

சீனியரிடம் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு ரயில்வே மேம்பால வழக்கு. வேலை பதினான்கு மாதம் தாமதமாகியிருந்தது. துறை, தாமதத்துக்கான தொகையைப் பில்லில் பிடித்துக்கொண்டு வங்கி உத்தரவாதத்தையும் பணமாக்கிவிட்டது. நிலம் தரவில்லை, நான் எப்படி வேலை செய்வேன் என்றார் காண்ட்ராக்டர். முழு நிலத்தையும் முதல் நாளே ஒப்படைத்துவிட்டோம், இதோ அவரே கையெழுத்துப் போட்ட சான்று என்றது துறை. நாங்கள் துறையின் பக்கம். சான்று கையில் இருக்கிறது, இனி என்ன என்று இருந்தேன். சீனியர் ஒன்றுதான் கேட்டார். "ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டர் எங்கே?"

உங்களுக்குத் தெரியும்; மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் எந்தத் தேதியில் என்ன தடை வந்தது, எப்போது நீங்கியது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிற தடைப் பதிவேடு அது. இரண்டு நாள் தேடி ஒரு பிரிவு அலுவலகத்தின் இரும்பு பீரோவிலிருந்து எடுத்தோம். துறையின் இளநிலைப் பொறியாளர் ஒருவர் வாராவாரம் எழுதியிருந்தார். கிழக்கு அணுகுசாலை, தென்னை மூன்று, உரிமையாளர் வெட்ட விடவில்லை, இழப்பீடு வரவில்லை என்கிறார். அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும். இப்படியே ஏழு மாதம்.

சான்று சொன்னது ஒரு கதை. பதிவேடு சொன்னது நடந்ததை. ஏழு மாதத்தை ஒப்புக்கொண்டு மீதி ஏழு மாதத்துக்கு வாதாடலாம் என்று சீனியர் துறைக்கு எழுதினார். யாரும் ஒப்புக்கொள்ளத் துணியவில்லை, கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம். வழக்கு நடந்தது, தோற்றது. கடைசியில் துறை வட்டியோடு கட்டிய தொகையில் ஒரு சிறு துண்டுதான் அந்தத் தென்னைமரக்காரருக்குக் கொடுக்கவேண்டியிருந்த இழப்பீடு. அதை நேரத்தில் கொடுத்திருந்தால் பாலம் ஏழு மாதம் முன்பே திறந்திருக்கும். அத்தனை நாளும் ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில்தான் நின்றது.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சொல்கிற ஏழைகள் இந்த வழக்குக் கட்டுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். நிலம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், சப் காண்ட்ராக்டரிடம் மூன்று மாதக் கூலி பாக்கி உள்ள கம்பி கட்டும் ஆட்கள், பாதி கட்டிய தூண்களுக்கு நடுவே வண்டி ஓட்டிப் போகிற ஊர். மனுவில் அவர்கள் பெயர் வராது. சைட்டில் அன்றன்றைக்கு எழுதிய காகிதத்தில் வரும். அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல்கள் மிகக் குறைவு. நீங்கள் அந்தக் காகிதத்தை எழுதிய கை.

இதையே பெரிய அளவில் பார்க்க டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கைப் படியுங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே படியுங்கள். 2008 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோ ரயில் கழகமும், ரிலையன்ஸ் இன்ஃப்ராவும் ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனமும் சேர்ந்து அமைத்த டெல்லி ஏர்போர்ட் மெட்ரோ எக்ஸ்பிரஸ் நிறுவனமும் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டன. புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகத் துவாரகா 21ஆம் செக்டார் வரை பாதை. சிவில் கட்டுமானம் கழகத்தின் பொறுப்பு. மற்றவையும் ரயில் ஓட்டுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. 2011 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. 2012 ஜூலையில், உயர்பாதையைத் தாங்கும் கர்டர்களிலும் (உத்தரங்கள்) அவற்றுக்கு அடியில் உள்ள பேரிங்குகளிலும் (தாங்கிகள்) குறைகள் இருக்கின்றன என்று ஓட்டம் நின்றது. 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று நிறுவனம் நோட்டீஸ் கொடுத்தது. அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்தது. 2013 ஜனவரியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர், வேகக் கட்டுப்பாட்டோடு ஓட்டலாம் என்று சான்று தந்தார். ரயில் மறுபடி ஓடியது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து கழகமே ஓட்டுகிறது.

இப்போது பாருங்கள். தகராறு முதலில் போனது நடுவர் தீர்ப்பாயத்துக்கு, அதாவது ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பு சொல்லும் நடுவர்களிடம். அங்கே இருந்த மூவரும் பொறியாளர்கள். 2017 மே மாதம் அவர்கள் நிறுவனத்துக்கு 2,782.33 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். 90 நாளில் குறைகள் தீரவில்லை, ஆகவே முறித்தது சரி என்பது அவர்கள் முடிவு. டெல்லி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2018இல் அதை ஏற்றார். 2019இல் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. சீராய்வு மனு தள்ளுபடியானது. கடைசிக் கதவான குறைதீர் மனுவில், 2024 ஏப்ரல் 10 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் கவாய், சூர்ய காந்த் ஆகிய மூவரும் தங்கள் நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்பையே மாற்றினார்கள். அதற்குள் தொகை வட்டியோடு 8,000 கோடி அளவுக்கு வளர்ந்திருந்தது.

எதை வைத்து மாற்றினார்கள்? ஒரு சொற்றொடர், ஒரு காகிதம். முறிப்பதற்கான ஷரத்து, 90 நாளில் குறையைத் தீர்க்கவேண்டும் "அல்லது" தீர்ப்பதற்குப் பயனுள்ள நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது. தீர்ப்பாயம் முதல் பாதியை மட்டும் பார்த்து இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. காகிதம், அந்தப் பாதுகாப்பு ஆணையரின் சான்று. ரயில் பாதையின் பாதுகாப்பைச் சட்டப்படி சோதிக்கும் அதிகாரி எழுதியது. அதற்கும் குறைகள் தீர்ந்தனவா என்ற கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பாயம் ஒதுக்கியிருந்தது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி வக்கீல்களிடையே இன்றும் சண்டை நடக்கிறது. நடுவர் தீர்ப்பு இறுதியானது என்ற நம்பிக்கையே போய்விட்டது, இனி எந்த முதலீட்டாளர் வருவார் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் என் மனம் சான்றின் பக்கமே நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற ரயிலைக் கணக்கில் எடுக்காமல் ரயில் பாதையைப் பற்றி எப்படித் தீர்ப்பு எழுதமுடியும்? எனக்கு ஆறாத விஷயம் வேறு. ஷரத்தில் இருந்த அந்த இரண்டாம் பாதியை முறையாகப் படிக்க நமக்கு 2012இலிருந்து 2024 வரை ஆகியிருக்கிறது. அந்த மூவரும் பொறியாளர்கள் என்பதால் அவர்கள் தீர்ப்பைச் சட்டம் படித்தவர்களின் தீர்ப்பைப் போல உரசிப் பார்க்கக் கூடாது என்று 2021 தீர்ப்பு சொன்னது. உங்களைப் போல இரண்டும் படித்த ஒருவர் அந்த அறையில் யாருக்காவது ஜூனியராக இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அடுத்து, எதைக் கற்றுக்கொள்வது. 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்தையும், ஒப்பந்தச் சட்டத்தின் 55, 73, 74ஆம் பிரிவுகளையும் சீனியர் எப்படியும் படிக்கவைத்துவிடுவார். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்களாகக் கற்கவேண்டியது கணக்கு. 2019இல் வந்த சங்யோங் வழக்கு உங்களுக்குப் பிடிக்கும். மத்தியப் பிரதேசத்தில் நால்வழிச்சாலை போட்ட கொரிய நிறுவனத்துக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் தகராறு. சிமெண்ட், இரும்பு விலை ஏறினால் மொத்த விலைக் குறியீட்டை வைத்துக் கூடுதல் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். நடுவில் அரசு குறியீட்டின் அடிப்படை ஆண்டை 1993-94இலிருந்து 2004-05க்கு மாற்றியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எப்படி இணைப்பது என்று ஆணையம் தானாக ஒரு சுற்றறிக்கை போட்டு, முன்பு கொடுத்ததையும் பிடிக்கப் பார்த்தது. ஒரு தரப்பு மட்டும் நினைத்து ஒப்பந்தத்தை மாற்றமுடியாது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மை நடுவர்களின் தீர்ப்பைத் தள்ளி, தனித்து நின்ற ஒரு நடுவரின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் எப்போது ரத்து செய்யலாம் என்று சொல்லும் நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அடியில் இருப்பது வேலை நடக்க நடக்கக் கொடுக்கிற ஆர்.ஏ. பில்லில் நீங்கள் போட்டுப் பழகிய பெருக்கல் கணக்கு.

டெண்டர் வழக்கு வேறு வகை. அங்கே எல்லாம் நாள் கணக்கு. ஈ.எம்.டி. எனப்படும் டெண்டர் முன்வைப்புத் தொகையின் ரசீதில் ஒரு குறை, அனுபவச் சான்றில் ஒரு வார்த்தை, விலைப் புள்ளியைத் திறக்கும் முன்பே வெளியே தள்ளிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். 1994இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நீதிமன்றம் ஒன்றைத்தான் கேட்கிறது: முடிவெடுத்த முறை நேர்மையானதா? முடிவு சரியா என்பதற்குள் போவதில்லை. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு உள்கட்டமைப்பு வேலைகளுக்குத் தடை உத்தரவு வாங்குவது இன்னும் கடினம். அது சரி என்றே நினைக்கிறேன். ஒரு காண்ட்ராக்டரின் வருத்தத்துக்காக ஊர் பாலத்தை நிறுத்தக்கூடாது. ஆனால் அதனாலேயே, டெண்டர் ஆவணத்தை எழுதும்போதே கூட இருக்கும் வக்கீல் வேண்டும். தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கு 1998லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள், பாதிப் பேர் படிக்காமலேயே வாதாடுகிறார்கள்.

துறையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் ஷரத்தை வழக்கமாகச் சேர்க்கவேண்டாம், சேர்த்தாலும் 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. அந்த நவம்பரில், ரயில்வே மின்மயமாக்கல் வழக்கில், ஒரு தரப்பு மட்டுமே நடுவரைத் தேர்ந்தெடுக்கும் முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அரசு நிறுவனங்கள் தங்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பட்டியலைக் கொடுத்து இதிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று இனி கட்டாயப்படுத்த முடியாது. இந்த இரண்டாவதை நான் மனதார வரவேற்கிறேன். முதலாவது எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய தகராறுகள் சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனை வருடம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த வேலையில் மனம் மரத்துப்போகும் இடம் உண்டு. இயந்திரங்கள் சும்மா நின்ற நாட்களுக்கு இழப்பு கேட்டு மனு எழுதச் சொல்வார்கள். ஒரு முறை, சைட்டுக்குப் போய்ப் பார்க்காமல், கொடுத்த பட்டியலை அப்படியே நான் எழுதினேன். குறுக்கு விசாரணையில், அந்த எக்ஸ்கவேட்டர்களில் இரண்டு அதே மாதம் வேறு ஜில்லாவில் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. கட்சிக்காரர் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். என்னால் அன்று இரவு தூங்கமுடியவில்லை. அதற்குப் பிறகு டீசல் பதிவேட்டைப் பார்க்காமல் எந்த இயந்திரக் கணக்கையும் நான் எழுதியதில்லை. நீங்கள் டீசல் பதிவேட்டோடு நான்கு வருடம் இருந்தவர், எது உண்மை என்று பார்த்தவுடனே தெரியும். தெரிந்ததைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள். சிலர் வேறு வக்கீலிடம் போவார்கள். போகட்டும்.

கடைசியாக உங்கள் அப்பா. அவர் பேசாமல் இருப்பதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்காக எம்-புக், அதாவது வேலையின் அளவுப் பதிவேடு, எழுதியவர் அவர். அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, அளந்ததை அன்றைக்கே எழுதவேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டரில் எதை எழுதுவீர்கள், மேலதிகாரி எதை எழுதாதே என்று சொல்வார்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் சீனியர் அலுவலகத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.