ரத்தத்தில் அமிலம் ஏறினால் பைகார்பனேட் ஊசி போதாதா?

கேள்வி: சர்க்கரை நோயாளியான அப்பா ஐசியுவில் இருக்கிறார். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, பைகார்பனேட் 12தான் என்கிறார்கள். அதையே ஊசியில் ஏற்றினால் சரியாகிவிடாதா?

பதில்: எண் ஏறும், நோய் அப்படியே இருக்கும். அமிலத்தை முறிக்கும் உப்பான பைகார்பனேட் 22 முதல் 26 வரை இருக்க வேண்டியது, ஏன் இறங்கியது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு ரத்த வாயுப் பரிசோதனையோடு ஒரு சின்னக் கணக்கும் போடுவார்கள்: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிப்பது. சோடியம் 140, குளோரைடு 100, பைகார்பனேட் 12 என்றால் மிச்சம் 28. வழக்கமாக இது 12ஐத் தாண்டாது என்பதால், கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உருவாகும் அமிலம்), லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் சேரும் அமிலம்), சிறுநீரகச் செயலிழப்பு, மெத்தனால் மாதிரி விஷம் என்று ஏதோ ஒன்று அமிலத்தைச் சேர்க்கிறது என்று அர்த்தம். மிச்சம் கூடவில்லையா, வயிற்றுப்போக்கையோ அளவுக்கு மீறி ஏற்றிய சலைனையோ சந்தேகிக்கலாம். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும், மிச்சம் குறைவாகக் காட்டும்.

அப்பாவுக்குக் கீட்டோன்தான் என்றால் திரவம், இன்சுலின், பொட்டாசியம், இவைதான் மருந்து. பொட்டாசியம் ஏற்கெனவே ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலினைத் தொடங்குவார்கள், ஏனென்றால் இன்சுலின் அதை இன்னும் இறக்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பைகார்பனேட்டைப் பற்றி பி.எச். (ரத்தத்தின் அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.0க்குக் கீழே போனால்தான் யோசிப்பார்கள்.

அப்புறம், அவர் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டு வந்தாரென்றால் அதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இவற்றில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஏறலாம், சர்க்கரையை மட்டும் பார்த்தால் தவறிப்போகும்.