பூச்சைப் பார்த்துக் கொம்பிரசர் வாங்காதீர்கள்

கேள்வி: வத்தளையில் எனக்குச் சிறிய படகுத் தொழில். அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் நால்வர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அவர்களின் மூச்சுக்காற்றுச் சிலிண்டர்களை வெளியில் கொடுத்து நிரப்புவது கட்டுப்படியாகவில்லை. காற்றை அழுத்திச் சிலிண்டரில் நிரப்பும் இருபது வருடப் பழைய ஜேர்மன் கொம்பிரசர் ஒன்றைத் தரகர் காட்டினார். "ஹோட்டலில் நின்றது, அதிகம் ஓடவில்லை, பில்டரும் புதிது" என்கிறார். வடிகட்டியை ஒழுங்காக மாற்றிவந்தால் பழைய இயந்திரத்தை நம்பலாமா?

பதில்: வடிகட்டியை மட்டும் வைத்து நம்ப முடியாது. தரகர்கள் முதலில் காட்டுவது எப்போதும் வடிகட்டியைத்தான். முழு இயந்திரத்திலும் மலிவாகப் புதுப்பிக்கக்கூடியவை அதுவும் பெயின்டும் மட்டுமே. மணித்தியாலம் காட்டும் மீற்றரைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு வயரைக் கழற்றினால் அது நின்றுவிடும்.

வடிகட்டிக்குள் இருப்பவை ஈரம் உறிஞ்சும் மணிகளும் ஒயில் வாடையைப் பிடிக்கும் கரியும். காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவை இவை இரண்டும் பிடிக்காது. அதற்கு ஹொப்கலைட் என்ற தனிப்பொருள் வேண்டும்; எல்லா வடிகட்டிகளிலும் அது இருப்பதில்லை, இருந்தாலும் ஈரம் பட்டால் செத்துவிடும். ஈரத்துக்குக் கொழும்பில் பஞ்சமா? 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். நம் புழுக்கத்தில் ஒரு சிலிண்டர் நிரப்பும்போது ஏறக்குறைய 50 கிராம் நீர் இயந்திரத்துக்குள் போகிறது. உற்பத்தியாளரின் அட்டவணையைப் பாருங்கள்: வெப்பம் ஏற ஏற வடிகட்டியின் ஆயுள் மளமளவென்று சரியும். தரகர் சொல்லும் எண் எப்போதும் குளிர்நாட்டு வரிசையில் இருப்பது. அதில் பாதிகூட இங்கே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? மூடிகளைத் திறக்கச் சொல்வதற்கு முன் சேப்டி வால்வுகளைப் பாருங்கள். இந்த வகை இயந்திரம் காற்றை மூன்று அல்லது நான்கு கட்டங்களாக அழுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும், அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் ஒரு சேப்டி வால்வு உண்டு. இரண்டாம் கட்டத்து வால்வு அடிக்கடி சீறினால் பழுது பெரும்பாலும் அந்த வால்வில் இல்லை. மூன்றாம் கட்டத்துக்குள் காற்றை விடும் வால்வு தேய்ந்து, காற்றைப் பின்னால் தள்ளுகிறது. நேர்மையான மெக்கானிக் மூன்றாம் கட்டத்தின் மேல்மூடியான தலையைக் கழற்றி வால்வை மாற்றுவார். மற்றவர் சீறும் வால்வின் ஈய முத்திரையை உடைத்து, ஸ்பிரிங்கை இரண்டு சுற்று முறுக்கி இறுக்கிவிடுவார். சீறல் நின்றுவிடும். வாங்க வந்தவர் இயந்திரம் அமைதியாக ஓடுகிறது என்று மகிழ்ந்து காசை எண்ணிக் கொடுப்பார். உள்ளே தலை கொதிக்கும், ஒயில் கருகும், அங்கே பிறக்கும் காபன் மொனொக்சைட்டு நேரே சிலிண்டருக்குப் போகும். அதற்கு மணமில்லை, ஆகவே "முகர்ந்து பாருங்கள், நல்ல காற்று" என்பவரை நம்பாதீர்கள். கடலில் 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே தலைவலி மட்டும் தரும் காற்று கீழே ஆளை மயக்கிப் போடும்.

முத்திரை உடைந்த சேப்டி வால்வு ஒன்று கண்ணில் பட்டாலே அந்த இயந்திரத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது வடிநீர், அதாவது அழுத்தும்போது காற்றிலிருந்து பிரியும் நீர். இயந்திரத்தைச் சுமையோடு, அதாவது சிலிண்டரை நிரப்பவிட்டபடி, கால்மணி நேரம் ஓடவிட்டு, வடிகுழாயைத் திறந்து வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் பிடியுங்கள். அரிசி கழுவிய நீர்போல் வெளுத்து, மேலே மெல்லிய ஒயில் படலம் இருந்தால் இயல்பு. கறுத்து, விரலில் தேய்த்தால் கரிப்பொடி ஒட்டினால் தலைக்குள் ஒயில் எரிகிறது. தண்ணீரைவிட ஒயில் அதிகமாக வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

பிறகு கடிகாரம். 11 லீற்றர் சிலிண்டரை வெறுமையிலிருந்து 200 பார் அழுத்தத்துக்கு நிரப்ப 2200 லீற்றர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 100 லீற்றர் என்று தகட்டில் எழுதிய இயந்திரம் அதை 22 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 30 நிமிடம் எடுத்தால் வளையமோ வால்வோ போய்விட்டது.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. தரகர்கள் இதைச் சாட்டாகப் பிடித்துக்கொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். ஜேர்மன் இயந்திரமாயினும் கொரியாவிலோ ஜப்பானிலோ ஓடிவிட்டு வந்ததாக இருக்கலாம். மோட்டரின் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால், நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். அப்போது 22 நிமிடம் 26, 27 ஆகும், தேய்மானம் இல்லை. ஆனால் 35 நிமிடத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அந்த மோட்டரை அப்படியே ஓட்டவும் கூடாது, சூடாகிக் கருகும். 50 ஹேர்ட்ஸ் மோட்டர் மாட்டுங்கள். கப்பியின் அளவை, கொம்பிரசர் தகட்டில் உள்ள சுழற்சி வேகத்துக்குச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். வேகமாக நிரம்பட்டும் என்று கூட்டிவைத்தால் மீண்டும் அதே கொதிக்கும் தலைதான். மும்முனை மின்சாரமானால் சுழலும் திசையைக் கட்டாயம் பாருங்கள். தலைகீழாகச் சுழன்றால் விசிறி குளிர்விக்காது.

இதெல்லாம் தேறினால், ஒரு மணி நேரம் சூடாக ஓடிய பிறகு எடுத்த காற்றைச் சோதியுங்கள். மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பிய ஈஎன் 12021 தரத்தின்படி காபன் மொனொக்சைட்டு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேலும், ஒயில் கனமீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. சோற்றுப் பொதி விற்பவரின் சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கிறார். மூச்சுக்காற்று விற்பவரிடம் "சோதித்த தாளைக் காட்டு" என்று படியேறி வந்த ஓர் அதிகாரியை நான் கண்டதில்லை. வியாபாரப் பதிவுக்கு மட்டும் ஏழெட்டுக் கடிதம் கேட்பார்கள். ஆகவே காபன் மொனொக்சைட்டு மீற்றர் ஒன்றை நீங்களே வாங்கிவையுங்கள். ஒரு வருட வடிகட்டிச் செலவுக்கும் குறைவாகத்தான் வரும்.

வாங்கிய பின் செய்யவேண்டியவை அதிகமில்லை. பெல்ட்டைப் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடுங்கள், குற்றமில்லை. ஒயிலை அங்கே வாங்காதீர்கள். வாகன எஞ்சின் ஒயில் ஊற்றிய கொம்பிரசர் மூச்சுக்கு உதவாது. உற்பத்தியாளர் சொன்ன ஒயில் மட்டுமே. ஓடும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை வடியுங்கள். வடிகட்டிக்குப் பின்னால் உள்ள அழுத்தம் தாங்கும் வால்வைக் கவனியுங்கள். உள்ளே சுமார் 150 பார் சேரும்வரை அது காற்றை வெளியே விடக் கூடாது. அது பழுதானால் ஈரம் பிரியாது, புது வடிகட்டியும் சில நாட்களில் நனைந்துவிடும். வடிகட்டிக் கூட்டின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் கூட்டையே மாற்றுங்கள். மேற்குக் கரையில் மே முதல் ஒக்டோபர் வரை கடல் கொந்தளிக்கும், இயந்திரம் சும்மா நிற்கும். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். "அதிகம் ஓடவில்லை" என்று தரகர் பெருமைப்படும் இயந்திரங்கள் உள்ளே துருப்பிடித்துக் கிடப்பது இதனால்தான்.

காற்று இழுக்கும் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடினால் நிரப்பும் வேலையை நிறுத்துங்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்.

தரகர் முன்பணம் கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்பார். ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டிக் காட்டி, காற்றுச் சோதனையின் முடிவு உங்கள் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். "வேறு ஆள் காத்திருக்கிறார்" என்றால், அந்த ஆளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.