தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஏஐ துணைச் செயலி வைத்துக் கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையில் அம்மா தனியே இருக்கிறார், நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், பேச்சுத்துணைக்கு ஒரு செயலி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் செய்தி வாசித்துக் காட்டவும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். துணைக்கு என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இயந்திரத்திடம் மனம் ஒட்டிக்கொள்வது புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அதற்கே அவருடைய செயலாளர், தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடமே சொன்னாராம்!

இன்றைய துணைச் செயலிகள் பலவும் சந்தாவை நம்பி நடப்பவை. 2023 பிப்ரவரியில், சிறுவர்களுக்கு ஆபத்து என்று இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ரெப்ளிகா என்ற ஏஐ துணைச் செயலிக்குத் தடை போட்டது. அதே சமயத்தில் அந்த நிறுவனம் பாலியல் சார்ந்த காதல் உரையாடல்களை நிறுத்தியதும், நெருங்கியவரைப் பறிகொடுத்ததுபோல் பலர் அழுது புலம்பினார்கள். என் பெரிய ஆட்சேபமே இதுதான்: உறவின் சாவி கம்பெனியின் கையில் இருக்கிறது.

இன்னொன்று, செயலிக்கு எளிதில் மறுத்துப் பேச வராது. சொதியில் உப்பு கூடிவிட்டால் பக்கத்து வீட்டு மதினி முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கூடவே ஊர் வம்பும் வரும், அது வேறு. செயலியோ எதற்கும் தலையாட்டும்.

வைத்துக் கொடுத்தே தீருவதென்றால், சந்தா தானாகக் கழிவதை முதலில் நிறுத்துங்கள். நகை, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திர விவரங்களை அதனிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.