கார்டு கழற்றிய கிரைண்டரும் சுருக்கென்ற டிரில்லும்: வாசகர் கேள்வி பதில்

திருமங்கலம் வாசகர்: கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பை வெட்டித் தேய்க்கும் நான்கு அங்குல கிரைண்டரில், சுழலும் வட்டான வீலை மறைக்கும் கார்டு மூலைகளில் இடிக்கிறது என்று பணியாளர்கள் அதைக் கழற்றிவிட்டே வேலை செய்கிறார்கள். ஆழமாக வெட்ட வேண்டியிருந்தால் ஏழு அங்குல வீலை அதே இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. கைப்பழக்கத்தால் வீல் உடைவதைத் தடுக்க முடியாது என்பதால், அனுபவசாலிக்கும் புதியவருக்கும் இந்த ஆபத்து ஒன்றுதான்.

நான்கு அங்குல கிரைண்டர் சுமையின்றி ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுற்றுகிறது. அப்போது 100 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் விரைகிறது. வெட்டும் வீல்கள் வழக்கமாக விநாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்தைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதனால்தான் நான்கு அங்குல வீலின் மேல் உச்சச் சுற்று 15,300 என்றும், ஏழு அங்குல வீலின் மேல் 8,500 என்றும் அச்சிடப்பட்டிருக்கும். இந்தப் பெரிய வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைக் கடந்துவிடும். வீலைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அது தாங்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். போதாக்குறைக்கு, பெரிய வீலின் நடுத்துளை 22 மில்லிமீட்டர். சின்ன இயந்திரத்தின் வீல்களுக்கு உரியதோ 16 மில்லிமீட்டர். எப்படி இறுக்கினாலும் மையம் விலகி அதிரத்தான் செய்யும்.

அப்படி உடைந்து பறக்கும் துண்டுக்கும் வேலை செய்பவரின் முகத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அந்தக் கார்டுதான். அதைக் கழற்றாமல், தளர்த்தித் திருப்பி, மூடிய பக்கம் தம்மை நோக்கி இருக்குமாறு இறுக்கிக்கொண்டால் பெரும்பாலான மூலைகளில் வேலை நடக்கும். நடக்காத இடத்தில் அரத்தை எடுப்பதே சரி. கார்டு இல்லாத இயந்திரம் உங்கள் பட்டறையில் ஓடக்கூடாது என்று நீங்கள்தான் கண்டிப்புக் காட்ட வேண்டும். வேலை தாமதமாகிறது என்று பணியாளர் தாமாக அதைத் திரும்ப மாட்ட மாட்டார். வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதம் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

சோழவந்தான் வாசகர்: தச்சு வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் டிரில்லைப் பிடித்தால் கையில் லேசாகச் சுருக்கென்கிறது. மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் போட்டிருக்கிறேன், அது போதாதா?

பதில்: போதாது. 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்சாரம் அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். அது வயர் சூடேறி எரியாமல் காப்பதற்கானது. மனித இதயத்தைத் தடுமாறச் செய்வதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். உயிரைக் காக்க, மின்கசிவைக் கண்டறியும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வராமல் வேறு வழியில் கசிந்தால், அது உடனே இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆனால் ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்குக் கசிவே தெரியாது; ஆகவே உரிந்த வயருக்கு அது மாற்று ஆகாது.

சுருக்கென்ற டிரில்லை இன்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்த தூள் உள்ளே படிந்து, ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் உடல் பகுதிக்குக் கசியக்கூடும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி உள்ள கருவி இரட்டைக் காப்பு கொண்டது. அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத மூன்று பின் கருவியின் எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் ஒடிக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ஈரத் தரையில் வைக்க வேண்டாம்.

மேலூர் வாசகி: என் மகன் பட்டறையில் ஸ்டாண்டில் நிற்கும் பெரிய டிரில்லிங் மெஷினில் வேலை செய்கிறான். கையுறை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அந்த வேலைக்கு வேண்டாம், அம்மா. சுழலும் பிட் கையுறையின் நுனியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தொளதொளத்த முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, கோயிலில் கட்டிவிட்ட கைக்கயிறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். துளையிடும் பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்கச் சொல்லுங்கள். கையுறைக்கு ஒதுக்கிய பணத்தில் பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.