ஷிபோரி கற்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது சாயத் தொட்டியை

கேள்வி: வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறேன். துணியைக் கட்டியும் மடித்தும் சாயமேற்றும் ஜப்பானிய ஷிபோரி முறையில் துப்பட்டா செய்ய ஆசைப்பட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அவுரிப் பொடியைச் சுடுநீரில் கரைத்து, நூலால் கட்டிய வெள்ளைப் பாப்ளின் துணியை இரவு முழுவதும் ஊறவைத்தேன். சாம்பல் பூத்த பச்சை நிறமே வந்தது. பிறகு சாயத்துக்கென்றே விற்கும் நீலக் கட்டியை வாங்கிப் பொடித்து அதேபோல் செய்தேன். நிறம் இரண்டே சலவையில் போய்விட்டது, வெள்ளைக் கோடுகளும் மங்கிவிட்டன. எந்தக் கட்டு முறையிலிருந்து கற்கத் தொடங்குவது நல்லது?

பதில்: நீங்கள் கட்டு முறையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் இரண்டு முயற்சிகளும் கெட்டது சாயத் தொட்டியில்தான். எனவே அதைச் சொல்லிவிட்டுக் கட்டுக்கு வருகிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது தலைமுடிக்குப் பூசுவதற்காக உலர்த்தி அரைத்த இலை. அதை வெந்நீரில் கரைத்துத் துணிக்கு ஆழ்ந்த நீலம் ஏற்ற முடியாது. துணிச் சாயத்துக்கு வேண்டியது, இலையை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காற்றுப்படக் கடைந்து, அடியில் படியும் நீலத்தை வடித்து உலர்த்திய கட்டி. நல்ல கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் செம்பின் பளபளப்புத் தெரியும். இது திண்டிவனம் பகுதியில் இன்றும் தயாராகிறது. ஜப்பானியர் பயன்படுத்துவது நம் அவுரி அன்று. அவர்கள் 'ஐ' என்றழைக்கும் வேறொரு செடி. தொக்குஷிமா பகுதியில் அதன் இலைகளைக் குவித்து, நீர் தெளித்து, புரட்டிப் புரட்டி ஏறத்தாழ நூறு நாள் மக்கவைத்துச் 'சுகுமோ' என்ற பொருளாக்குவார்கள். பின்னர் அதை மரச்சாம்பல் நீரிலும் சுண்ணாம்பிலும் கோதுமைத் தவிட்டிலும் புளிக்கவைப்பார்கள். செடி வேறானாலும் நிறம் தரும் பொருள் ஒன்றே என்பதால், கற்கும் காலத்தில் சுகுமோவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த நீலம் தண்ணீரில் கரையாது. நீங்கள் கட்டியைப் பொடித்து வெந்நீரில் கலந்தபோது அது கரையவில்லை, மிதந்தது. துணிமேல் தூசியாக ஒட்டியிருந்து சலவையில் உதிர்ந்துவிட்டது. காரத்தன்மையுள்ள நீரில், ஆக்சிஜனை நீக்கும் ஒரு பொருளோடு சேரும்போதுதான் நீலம் தன் நிறத்தை இழந்து, மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்து, நூலிழைக்குள் புகும். துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்ததும் மீண்டும் கரையாத நீலமாகி உள்ளேயே தங்கிவிடும்.

வீட்டில் செய்ய எளிதானது, ஆக்சிஜனை நீக்கப் பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையைப் பயன்படுத்தும் தொட்டி. நீலம் ஒரு பங்கு, நீர்த்த சுண்ணாம்பு இரண்டு பங்கு, பிரக்டோஸ் மூன்று பங்கு என்பது கணக்கு. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் நீலத்தில் தொடங்கலாம். கட்டியை மையாக அரைத்துச் சிறிது வெந்நீரில் குழைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வாளியில் 50 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் உள்ள நீரில் பிரக்டோஸைக் கரைத்து, நீலக் குழைவைச் சேர்த்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் கையுறையோடு கண்ணாடியும் அவசியம். சமையல் சர்க்கரை பிரக்டோஸின் வேலையைச் செய்யாது.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே செம்பு நிறப் படலமும் நடுவில் நீல நுரையும் கட்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் அடிநீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். தேநீர்போலத் தெளிந்த மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருந்தால் தொட்டி தயார். நீலமாகவே இருந்தால், வாளியை வெதுவெதுப்பாக வைத்து, சிறிது பிரக்டோஸ் சேர்த்துக் காத்திருங்கள். அவசரப்பட்டுத் துணியைப் போடாதீர்கள்.

அடுத்தது துணி. கடையில் வெள்ளையாகத் தெரியும் பாப்ளினிலும் கஞ்சி இருக்கும், காடாத் துணியில் சொல்லவே வேண்டாம். சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், அந்த நீர் பழுப்பாக மாறுவதை நீங்களே காணலாம். அலசி உலர்த்திய துணியில் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி கொதிக்கவையுங்கள்.

உங்கள் கோடுகள் மங்கியதற்குப் பெருங்காரணம் இரவு முழுவதும் ஊறவிட்டது. நீலத்தில் நீண்ட ஊறலால் நிறம் ஆழமாவதில்லை. சாயம் கட்டுக்குள் ஊர்ந்து செல்வதோடு, ஏற்கெனவே ஏறிய நிறமும் தொட்டியிலேயே கரையத் தொடங்கும். கட்டிய துணியை முதலில் வெறும் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். இழை முன்னமே நீரால் நிறைந்திருந்தால் சாயம் கட்டுக்குள் எளிதில் புகாது. பிறகு காற்றுக்குமிழி எழாமல் தொட்டிக்குள் இறக்கி, அடியில் படிந்த சுண்ணாம்பில் படாதபடி மூன்று நிமிடம் வைத்திருந்து, மடிப்புகளை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். நீர்மட்டத்துக்குள்ளேயே பிழிந்து, தொட்டியில் சொட்டாதபடி எடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு சொட்டும் ஆக்சிஜனைத் தொட்டிக்குள் கொண்டுபோகும். பச்சை முழுதும் நீலமாக மாறப் பத்து நிமிடம் ஆகும். இப்படி ஐந்தாறு முறை முக்கி எடுங்கள். ஈரத்தில் தெரியும் நீலம் உலர்ந்தபின் வெகுவாக வெளிறும் என்பதால், வேண்டிய நிறத்தைவிட ஒரு முக்கு கூடுதலாகவே கணக்கிடுங்கள். கடைசியில் அலசி, சிறிது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் காரத்தைப் போக்கிய பிறகு சோப்பு நீரில் துவையுங்கள்.

இனிக் கட்டு முறைகள். 'ஷிபோரு' என்ற வினைச்சொல்லுக்கு முறுக்கிப் பிழிதல் என்று பொருள். நகோயாவை அடுத்த அரிமாட்சு, டோக்காய்டோ பெருவழியோரம் 1608-இல் உருவான ஊர். நகோயா கோட்டை கட்ட வந்த கியூஷு தீவு ஆட்களின் கட்டுச் சாயத் துணியைக் கண்டு, தகேதா ஷோகுரோ என்பவர் அங்கே இத்தொழிலைத் தொடங்கி வழிப்போக்கர்களுக்குக் கைத்துண்டு விற்றதாக அவ்வூர் வரலாறு கூறுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டுகள் அங்கே வழங்கினாலும், ஒரு கைவினைஞர் பெரும்பாலும் ஒரே கட்டில்தான் தேர்ந்திருப்பார். ஒரே வாரத்தில் பத்து முறைகளைக் கற்றுத்தரும் வகுப்புகளை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்.

மடித்துப் பலகையிடும் 'இதாஜிமே'யில் தொடங்குங்கள். மெல்லிய மல் துணியை விசிறி மடிப்பாக மடித்து, பிறகு முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், இருபுறமும் சிறு மரப்பலகை வைத்துக் கிளாம்பால் இறுக்க வேண்டும். முக்கோணத்தின் விளிம்பை மட்டும் சாயத்தில் தொட்டெடுத்தால் பனிப்பூ வடிவம் விரியும். அரிமாட்சுவில் ஒரு காலத்தில் குழந்தைகளின் அணையாடைக்குக்கூட இந்த வடிவம் பயன்பட்டது. தொட்டி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் இதுவே எளிய வழி.

தையல் தெரிந்த உங்களுக்கு அடுத்துப் பொருந்துவது, மரத்தின் வரிபோல் தோன்றும் 'மொகுமே'. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் இரட்டை நூலால் ஓட்டுத் தையல் போட வேண்டும். எல்லா வரிசைகளையும் தைத்து முடித்த பிறகே, துணியைச் சற்று நனைத்து, நூல்களை இனி நகராது என்னும் அளவுக்கு இழுத்து முடிச்சிட வேண்டும். தையல் மிகச் சீராக இருந்தால் வரிகள் அச்சடித்ததுபோல உயிரற்றுப்போகும். எனவே உங்கள் தையல்காரக் கையைக் கொஞ்சம் தளரவிடுங்கள். குழாயில் துணியைச் சாய்வாகச் சுற்றி, நூல் சுற்றி நெருக்கித் தள்ளும் 'அராஷி'யைப் பிறகு முயலலாம். புள்ளி புள்ளியாகக் கட்டும் 'கனோகோ'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைச் சுங்குடியில் முடிச்சிடுவதைப் பார்த்திருந்தால், ஒரு முழத் துணிக்கே எத்தனை நாள் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சாயமேறிய பிறகு நூலும் துணியும் ஒரே நீலமாகிவிடும். எனவே கட்டும்போதே நூலின் முனையை நீளமாக விடுங்கள். துணி உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பிரியுங்கள். அப்படியும் முதல் சில துணிகளில் கத்தரி பட்டு ஓட்டை விழத்தான் செய்யும். ஆகவே துப்பட்டாவை ஒதுக்கிவைத்துவிட்டு, கைக்குட்டை அளவில் பத்துத் துண்டுகளை வெட்டிக்கொண்டு தொடங்குங்கள். எத்தனை முறை முக்கினீர்கள், அன்று தொட்டி எப்படி இருந்தது என்று எழுதிய சீட்டை ஒவ்வொன்றோடும் குத்திவையுங்கள்.