ஜாஸ் பேஸில் ஹம்மிங், மெலிந்த சத்தம்: பிக்கப்பை மாற்றினால் தீருமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கையில் ஸ்குவையர் பிராண்டின் பழைய ஜாஸ் பேஸ் கிட்டார். கம்பிகள் வாங்கியபோது வந்தவை. ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) செருகியதும் ‘ம்ம்’ என்று ஹம்மிங் இரைச்சல். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் கேட்கிற உருண்டையான சத்தம் வரவில்லை. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) எல்லாவற்றையும் மாற்றலாமா, இல்லை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நானும் ஜாஸ் பேஸ்தான் வாசிக்கிறேன், அதில் நான் கழற்றி மாட்டாத திருகு கிடையாது. காசைக் கம்பியில் போடுங்கள், நேரத்தைச் செட்டப்பில், அதாவது நெக்கின் (கழுத்தின்) வளைவையும் கம்பி, பிக்கப் உயரத்தையும் சரிசெய்வதில் போடுங்கள். பிக்கப் கடைசியில்தான்.

முதலில் ஹம்மிங். ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள். பெரும்பாலான மாடல்களில் ஒன்றின் காயில் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிராக இருக்கும். அதனால் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைச் சற்றே குறைத்தாலும் இரைச்சல் எட்டிப் பார்க்கும். அது பழுதில்லை, அந்த வடிவமைப்பின் குணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரைச்சலில் 100 ஹெர்ட்ஸும் சேர்ந்தே வரும். உங்கள் ஜி கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை இழுத்துப் பிடிக்கும்போது இரைச்சல் அதோடு மோதி அலையடிப்பதைக் காதால் கேட்கலாம்.

இரண்டும் முழுக்கத் திறந்திருந்தும் ஹம்மிங் போகவில்லையா? கம்பியைக் கையால் தொடுங்கள். தொட்டதும் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் சரியாக இருக்கிறது. உள்ளே பாட்கள் (நாபுகளுக்கு அடியில் உள்ள வால்யூம், டோன் பாகங்கள்) இருக்கும் குழியில் காப்பர் டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்தால் கணிசமாக அடங்கும். தொட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் அந்த ஒயர் விட்டுப்போயிருக்கலாம். சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

அதற்கும் முன்னால் ஆம்பின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வர்ட்டரில் செருகி வாசிக்கும் பழக்கம் நம் மேடைகளில் நிறைய. எர்த் இல்லாவிட்டால் ஹம்மிங் மட்டுமா வரும்? கம்பியில் கை இருக்கும்போதே உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. கல்யாண மண்டபமோ கோயில் திருவிழாவோ, எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் ஆம்பை ஆன் செய்ய வேண்டும். இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி சத்தம். உங்களுக்கு வேண்டிய அந்த உருண்டையான டோனுக்கு ஃபிளாட்வூண்ட் (மேலே தட்டையான நாடா சுற்றிய, வழவழப்பான) கம்பிதான் குறுக்குவழி. அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸில் (அது வேறு மாடல்) இருந்தவை லா பெல்லா பிராண்டின் கனமான ஃபிளாட்வூண்ட். அறுந்தாலொழிய அவர் கம்பியை மாற்றவே மாட்டார், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோமும் வைத்திருந்தார். அந்தச் சத்தத்தைப் பிக்கப் மாற்றி வாங்க முடியாது. ஃபிளாட்வூண்ட் விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் ஓடும். ஒரு செட் போட்டு, டோன் நாபைப் பாதிக்குக் கீழே இறக்கி, விரலை நெக் பக்கம் நகர்த்தி வாசித்துப் பாருங்கள். பிரிட்ஜை நெருங்க நெருங்கச் சத்தம் மெலியும், நெக் பக்கம் வர வர அடிநாதம் கூடும். செலவில்லாத டோன் மாற்றம் இது.

புதுக் கம்பி போட்டால் இழுவிசை மாறும், நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியை அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதிகமென்றால் ஆலன் கீயை வலப்புறம் கால் சுற்று முறுக்கி, நெக் நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் முறுக்காதீர்கள். கேப்போவை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.4, ஜி கம்பி 2 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நெக் அசையும், இரண்டு பருவத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு பிக்கப்பின் உயரம். அதன் திருகுகளைச் சற்றுத் திருப்பினாலே, மெலிந்தது என்று நீங்கள் சொல்லும் சத்தம் திரண்டு வரும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி ஈ பக்கம் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள்.

பிரிட்ஜை மாற்றுவது என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தரவில்லை. கனமான பிரிட்ஜ் போட்டால் சஸ்டெயின் (சுரம் நீடிக்கும் நேரம்) கூடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காசுக்கு இரண்டு செட் கம்பி வாங்குவேன். டோன் நாபோடு சேர்ந்த கெப்பாசிட்டரை மாற்றினால், நாபைக் குறைத்து வாசிக்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். ஆக்டிவ் பிரீஆம்ப் (பேஸுக்குள்ளேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்) மேடையில் உதவும், ஆனால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும்.

பிக்கப் மாற்றியே ஆக வேண்டிய ஒரு நிலை உண்டு. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் போல பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் வால்யூமை மட்டும் தூக்கி வாசிக்கிறவர் என்றால் ஹம்மிங் கூடவே வரும். அவர்களுக்கு இரைச்சலடிக்காத வகை ஜாஸ் பிக்கப் செட் நல்ல முதலீடு. வாங்குமுன் அளவெடுங்கள்: பொதுவாக பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் சற்று நீளம், சில மாடல்களில் இரண்டும் ஒரே அளவு. பொருந்தவில்லை என்று மரத்தைச் செதுக்கவே செதுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். மாற்றத்துக்குப் போட்ட காசு விற்கும்போது திரும்பாது. பழைய பாகங்களைப் பொருத்திக் கொடுத்துவிட்டால், நல்ல பிக்கப்பாவது உங்கள் கையில் மிஞ்சும்.

விற்பதைப் பற்றி நெக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ட்ரஸ் ராடைக் கடைசிவரை முறுக்கியும் நெக் நிமிரவில்லை, அல்லது நெக் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் எந்தப் பிக்கப்பும் அதைக் காப்பாற்றாது. ஜாஸ் பேஸில் நெக் நான்கு திருகுகளில்தான் நிற்கிறது, அளவு பொருந்தும் வேறு நெக் போட முடியும். அந்த விலை வேறொரு நல்ல பழைய பேஸின் விலையை எட்டினால் குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.