மார்பக ஸ்கேன் படிப்பு: ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால்

சார், பாட்டிக்கு வந்த மார்பகப் புற்றுநோய் ஸ்கேனில்தான் தெரிந்தது, அதனால் மகளும் அந்த வேலைக்கே போவேன் என்கிறாள், பி.எஸ்சி. ரேடியாலஜியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அதை முடித்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்கிற வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள்.

நம் நாட்டில் அல்ட்ராசவுண்டில் உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் கருவியான ப்ரோப்பைக் கையில் பிடிப்பவர் டாக்டர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், அல்ட்ராசவுண்ட் மெஷினை யார் இயக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துகிறது. மார்பகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள்; மெஷின் ஒன்றுதானே! அமெரிக்காவில் சோனோகிராபர் என்றே தனி வேலை இருக்கிறது, மார்பகத்துக்கென்று தனித் தேர்வுகூட உண்டு. மகள் யூடியூபில் பார்த்தது அநேகமாக அதுதான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலையே டாக்டர் பார்க்க வேண்டியதுதான். ஜெல்லைத் தடவி ப்ரோப்பை நகர்த்தும்போது விளிம்பு சீராக, உள்ளே முழுக் கறுப்பாக உருண்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் வெறும் நீர்க்கட்டி. விளிம்பு கரடுமுரடாக, அகலத்தைவிட உயரம் கூடுதலாக, பின்னால் நிழல் விழுந்தால் சந்தேகம். இன்னொரு கோணத்தில் பார்ப்பதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, பயாப்ஸிக்கு, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்க, ஊசியை எந்த வழியாக விடுவது என்பதையெல்லாம் அந்த இருட்டறையிலேயே முடிவு செய்ய வேண்டும். பிறகு எடுத்த படத்தை வைத்து மட்டும் இதையெல்லாம் சொல்வது கஷ்டம்.

அதுதான் வேண்டுமென்றால் நீட், ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மூன்று வருஷம் எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ். அந்த எம்.டி. சீட்டுக்குப் போட்டி கடுமை, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பி.எஸ்சி.யை மட்டமாக நினைக்காதீர்கள். மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுப்பது இந்த மாதிரிப் படிப்பு முடித்த டெக்னாலஜிஸ்ட்தான். மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே சரியாக வைத்து அழுத்தத் தெரியவில்லை என்றால் ஓரத்தில் இருக்கும் கட்டி படத்துக்குள்ளேயே வராது. இளம் பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் நன்றாக உதவும், ஆனால் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளை (மார்பகத்தில் படியும் கால்சியம்) காட்டுவது மேமோகிராம்தான். ஆண் ஒருவர் நின்று எடுத்தால் நம் பெண்கள் கூச்சப்படுவார்கள், அதனால் இந்த வேலை தெரிந்த பெண்களை ஆஸ்பத்திரிகளே தேடும். சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் போகவும் வழி இருக்கிறது.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கூட இருக்கிற ஆஸ்பத்திரியில் மேமோகிராம் மெஷின் ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று பாருங்கள். அல்ட்ராசவுண்டும் கற்றுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எந்த மெஷினில் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.